6,000 கோடிக்கு ஆய்விதழ்கள் வந்தாச்சு... நூலகத்தில் தேடக் கற்றுக்கொடுப்பது யார்?

திங்கட்கிழமை காலை. ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிய ஒரு பி.ஏ. வரலாறு மாணவி, காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் அசைன்மென்டை முடித்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு: 'பிரிட்டிஷ் காலத்தில் ஸ்ரீரங்கம் கோயில் நிர்வாகம்'. செல்போனில் தலைப்பை அப்படியே தட்டுகிறார். முதலில் வந்த இரண்டு இணையப் பக்கங்கள், ஒரு ஏஐ செயலி தந்த நான்கு பத்திகள், கடைசியில் அதே செயலி அடுக்கிக்கொடுத்த ஐந்து மேற்கோள் நூல்கள். சத்திரம் பேருந்து நிலையம் வந்தது, வேலையும் முடிந்தது.

அந்த ஐந்து நூல்களில் இரண்டு உலகத்திலேயே இல்லாதவையாக இருக்கலாம். உண்மையில் இருக்கிற, இந்தத் தலைப்புக்கென்றே எழுதப்பட்ட ஒரு நூல் அவருடைய கல்லூரி நூலகத்தின் அலமாரியிலேயே இருக்கலாம். இரண்டையும் கண்டுபிடிக்கும் வழி அவருக்குத் தெரியாது. அது அவர் தவறா? பள்ளியிலும் சொல்லித்தரவில்லை, கல்லூரியிலும் பெரும்பாலும் சொல்லித்தருவதில்லை.

உயர்கல்வி மாணவர்களுக்காக ஆய்விதழ்களை வாங்க இந்தியா இதுவரை இல்லாத அளவுக்குச் செலவு செய்யும் நேரம் இது. வாங்கியதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பது யார் பொறுப்பு என்பதற்கு மட்டும் இன்னும் தெளிவான பதில் இல்லை. திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் வைத்துப் பார்ப்போம்.

முதலில், என்ன வாங்கியிருக்கிறார்கள்?

'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்தது. 2025, 2026, 2027 என மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். உலகின் 30 பெரிய பதிப்பகங்கள் வெளியிடும் சுமார் 13,000 மின் ஆய்விதழ்கள் இதில் அடக்கம். மத்திய, மாநில அரசுகள் நிர்வகிக்கும் 6,300-க்கும் மேற்பட்ட கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் இருக்கும் ஏறத்தாழ 1.8 கோடி மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள் இவற்றைப் படிக்கலாம். 2025 ஜனவரியில் தொடங்கிய இந்தத் திட்டத்தை நடத்துவது, யுஜிசியின் கீழ் காந்திநகரில் இயங்கும் இன்ஃப்லிப்நெட் மையம்.

கணக்குப் போட்டால் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 1,100 ரூபாய் வருகிறது. உங்கள் பெயரில் அரசு கட்டியிருக்கும் சந்தா அது. பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் பணம் போய்விடும்.

எல்லாக் கல்லூரிக்கும் உண்டா?

இங்கேதான் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. திட்டத்தின் முதல் கட்டம் அரசு நிர்வகிக்கும் நிறுவனங்களுக்கானது. திருச்சியில் என்ஐடி, ஐஐஎம் போன்ற மத்திய நிறுவனங்கள், பாரதிதாசன் பல்கலைக்கழகம், ஸ்ரீரங்கம் வட்டத்தில் நாவலூர் குட்டப்பட்டில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம், அரசுக் கலைக் கல்லூரிகள் எல்லாம் இந்த வகையில் வருபவை.

ஆனால் திருச்சியின் உயர்கல்வி வரலாறே பெரும்பாலும் அரசு உதவிபெறும் கல்லூரிகளின் வரலாறு. 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-ல் திருச்சிக்கு இடம் மாறிய புனித வளனார் கல்லூரி, 1919-ல் கல்லூரியான நேஷனல் கல்லூரி, 1951-ல் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரி என்று பட்டியல் நீளும். இவற்றோடு ஏராளமான சுயநிதிக் கல்லூரிகளும் உண்டு. இப்படிப்பட்ட கல்லூரிகளுக்காகவே 2010-ல் 'என்-லிஸ்ட்' என்ற திட்டம் வந்தது. மின் ஆய்விதழ்களையும் மின்நூல்களையும் கல்லூரி நூலகம் வழியாக ஒவ்வொரு மாணவருக்கும் தனி யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்துப் படிக்க வைப்பது அதன் நோக்கம்.

ஆக, ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரும் இரண்டு மாணவர்களின் கைக்கு எட்டும் நூலகம் ஒன்றாக இருக்காது. உங்கள் கல்லூரியில் எது உண்டு, எது இல்லை என்பதை உறுதியாகச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான்: உங்கள் நூலகர்.

அப்போ சிக்கல் என்ன? பாஸ்வேர்டு கொடுத்தால் போதாதா?

போதாது. வாசலைத் திறந்துவிடுவது வேறு, உள்ளே எங்கே என்ன இருக்கிறது என்று தெரிவது வேறு.

தமிழ்நாட்டில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி 18 முதல் 23 வயதுக்குட்பட்டோரில் உயர்கல்வியில் சேர்ந்தோரின் விகிதம் நாட்டுக்கு 28.4 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 47 சதவீதம். இது பெரிய சாதனை. வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருபவர்கள் ஏராளம் என்பதும் இதற்குள் இருக்கிறது. அவர்களுக்கு 'ஜர்னல்னா என்ன, டெக்ஸ்ட்புக்குக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்' என்று வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லை. அப்பா பேராசிரியராக இருக்கும் மாணவருக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைக்கும் அறிவு, இவருக்கு வகுப்பறையில்தான் கிடைத்தாக வேண்டும். அங்கேயும் கிடைக்காவிட்டால் 13,000 ஆய்விதழ்கள் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

கல்லூரிகளும் இதைக் கவனிப்பதற்கான தூண்டுதல் குறைவு. 'நாக்' தர மதிப்பீடு பல ஆண்டுகளாகப் பின்பற்றிய முறையில் நூலகத்துக்குத் தனிப் பகுதி உண்டு. அதில் கேட்கப்பட்டவை: நூலகம் கணினிமயமா, மின் சந்தாக்கள் உண்டா, ஆண்டுச் செலவு எவ்வளவு, தினமும் எத்தனை பேர் வருகிறார்கள். வந்தவர் தேடி வந்ததைக் கண்டுபிடித்தாரா என்பது அந்தக் கணக்கில் இல்லை.

இது புதுப் பிரச்சினையா?

இல்லை. சுமார் 100 ஆண்டுப் பழசு. இதை முதலில் தெளிவாகப் பார்த்தவரும் காவிரிப் படுகைக்காரர்தான்.

இந்திய நூலக அறிவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் 1892-ல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். ஆள் நடமாட்டம் இல்லாத நூலகத்தில் உட்காரப் பிடிக்காமல், 'என்னைக் கல்லூரிக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்' என்று சில நாளிலேயே கேட்டிருக்கிறார். பல்கலைக்கழகம் அவரை லண்டனுக்கு அனுப்பியது. அங்கே மக்கள் நூலகங்களை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தவர் வேறு ஆளாகத் திரும்பினார்.

1931-ல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் இன்றும் உலகம் முழுக்கப் பாடம். நூல்கள் பூட்டிவைக்க அல்ல, பயன்பாட்டுக்கு என்பது முதல் விதியின் சாரம். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது நான்காவது விதியின் சாரம். அவர் அதோடு நிற்கவில்லை. நூலகர் செய்யவேண்டிய ரெஃபரன்ஸ் சேவையைப் பிரித்துச் சொன்னபோது, புதிதாக வரும் மாணவரை நூலகத்துக்குப் பழக்குவதை ஒரு தனி வேலையாகவே வகுத்தார். வழிகாட்டுவது நூலகர் செய்யும் உபகாரம் இல்லை, அவருடைய வேலையின் ஒரு பகுதி என்பது அதன் பொருள்.

அவர் பிறந்தநாளையொட்டி ஆகஸ்ட் 12-ஐ தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம். அவர் சொன்ன அந்த வேலைக்கு மட்டும் கால அட்டவணையில் ஒரு பீரியட் கிடைப்பது அரிது.

ஒரு தேடல் எப்படி நடக்க வேண்டும்? ஸ்ரீரங்கத்தையே எடுத்துக்கொள்வோம்

அந்த மாணவியின் அசைன்மென்டுக்குத் திரும்புவோம். நூலகத்தில் தேடத் தெரிந்த ஒருவர் அதே தலைப்பை எப்படி அணுகுவார்?

*1. தலைப்பைக் கேள்வியாக்குவது.* 'ஸ்ரீரங்கம் கோயில்' என்று மட்டும் தேடினால் தல புராணம், தரிசன நேரம், ஹோட்டல் விளம்பரம் எல்லாம் வரும். 'கம்பெனி ஆட்சியில் கோயில் வரவு செலவை யார் பார்த்தார்கள்? எந்தச் சட்டத்தால் அது மாறியது?' என்று கேட்டால் தேட வேண்டிய சொற்கள் தானாகக் கிடைக்கும். 1863-ன் சமய அறக்கொடைகள் சட்டத்திலிருந்து 1959-ன் இந்து சமய அறநிலையங்கள் சட்டம் வரை ஒரு காலக்கோடும் கிடைக்கும்.

*2. பழைய பெயர்களைச் சேர்ப்பது.* பலரும் சறுக்கும் இடம் இது. பிரிட்டிஷ் ஆவணங்களில் 'திருச்சிராப்பள்ளி' கிடையாது, 'ட்ரிச்சினாபொலி'தான். 1907-ல் ஹெமிங்வே தொகுத்த மாவட்ட கெஜட்டியரின் தலைப்பே அதுதான். இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் அந்தப் புத்தகம் கண்ணில் படாமலே போகலாம். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் ஸ்ரீரங்கத்தை 'செரிங்கம்' என்று எழுதினார்கள். அதேபோல் ஒலிக்கும் 'செரிங்கபட்டம்' என்பது திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணம், கர்நாடகத்தில் இருக்கும் வேறு ஊர். இரண்டையும் குழப்பிக்கொண்டால் அசைன்மென்ட் மைசூருக்குப் போய்விடும். தமிழிலும் ஸ்ரீரங்கம், திருவரங்கம், சீரங்கம் என்று மூன்று வடிவங்கள் உண்டு. தமிழ்ப் புத்தகத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் ஏற்றி வைத்திருக்கும் நூலகப் பட்டியல்களும் உண்டு. அதனால் ஒரே சொல்லை நான்கு ஐந்து விதமாகத் தட்டிப் பார்க்க வேண்டும்.

*3. அலமாரி எண்ணைப் படிப்பது.* நம் கல்லூரிகள் பலவற்றில் டியூயி தசம வகைப்பாடுதான் நடைமுறை. புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண் வெறும் டோக்கன் அல்ல, முகவரி. தமிழ்நாட்டு வரலாறு 954.82. இந்து சமயம் 294.5. சட்டம் 340-களில். நம் மாணவியின் தலைப்பு இந்த மூன்று அலமாரிகளிலும் சிதறிக் கிடக்கிறது. வரலாற்று வரிசையை மட்டும் பார்த்துவிட்டு 'ஒண்ணும் இல்ல' என்று திரும்புபவர், அறநிலையச் சட்டப் புத்தகங்களைத் தவறவிடுவார்.

*4. ஒரு நல்ல புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்குப் போவது.* வி.என். ஹரி ராவ் எழுதிய ஸ்ரீரங்கம் கோயில் வரலாறு 1976-ல் திருப்பதி வேங்கடேசுவரா பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. கோயிலின் நாட்குறிப்பு போன்ற 'கோயில் ஒழுகு' நூலையும் அவர் ஆங்கிலத்தில் 1961-ல் கொண்டுவந்திருக்கிறார். இப்படி ஒரு புத்தகம் கையில் கிடைத்தால், அதன் அடிக்குறிப்புகளும் நூற்பட்டியலும்தான் அடுத்த இருபது புத்தகங்களுக்கு வழி. தொல்லியல் துறை 1982-ல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் 24-ஆம் தொகுதி முழுவதும் ஸ்ரீரங்கம் கோயில் கல்வெட்டுகளே. 'ஸ்ரீரங்கம்' என்று கூகுளில் தட்டினால் முதல் பக்கத்தில் எதிர்பார்க்க முடியாத நூல் அது.

*5. பக்கத்து ஆய்வைப் பார்ப்பது.* ஸ்ரீரங்கம் பற்றியே எல்லாம் கிடைக்காது. அதே காலத்தில் வேறு கோயிலில் என்ன நடந்தது? சென்னை திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் பற்றி அர்ஜுன் அப்பாதுரை 1981-ல் வெளியிட்ட ஆய்வு, காலனிய ஆட்சியில் கோயில் அதிகாரம் எப்படி நீதிமன்றங்களின் கைக்குப் போனது என்பதைப் பேசுகிறது. ஒப்பிட அது போதும்.

*6. ஷோத்கங்காவைத் திறப்பது.* இந்தியப் பல்கலைக்கழகங்களின் பி.எச்டி ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் இணையக் களஞ்சியம் இது. ஆய்வேட்டின் தொடக்கத்தில் 'முன்னாய்வுகள்' என்ற பகுதி இருக்கும். அந்தத் தலைப்பில் அதுவரை யார் என்ன எழுதினார்கள் என்று ஒருவர் பல மாதம் உழைத்துத் தொகுத்த பட்டியல் அது.

இந்த ஆறு படிகளுக்கும் சேர்த்து முதல் தடவை மூன்று மணி நேரம் ஆகலாம். அடுத்த தடவை ஒரு மணி நேரம். கற்றுக்கொள்ள வேண்டிய திறமை இதுதான்.

அறிவியல் மாணவர்களுக்கும் இதேதானா?

அதே வழிதான், சொற்கள் மட்டும் மாறும். காவிரிக் கரையின் முக்கியப் பயிர் வாழை. தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் திருச்சியில்தான் இருக்கிறது. வாழை வாடல் நோய் பற்றித் தேடும் ஒரு மாணவர் 'பனாமா நோய்' என்று தட்டினால் ஒரு தொகுதிக் கட்டுரைகள் வரும். 'ஃபியூசேரியம் வாடல்' என்று தட்டினால் வேறு தொகுதி. நோய்க்காரணியான பூஞ்சையின் அறிவியல் பெயரைப் போட்டால் இன்னொன்று. மூன்றும் ஒரே நோய். மூன்றையும் 'அல்லது' என்ற தொடுப்போடு சேர்த்துத் தேடத் தெரிந்தவருக்கு முழுப் படமும் கிடைக்கும், தெரியாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு. 'அல்லது', 'மற்றும்', 'தவிர' என்ற தொடுப்புகளையும், சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுவதையும் கற்றுக்கொடுக்க அரை மணி நேரம் போதும்.

'அதான் ஏஐ இருக்கே... அதைக் கேட்டா ஆச்சு!'

நியாயமான கேள்வி. தேடலுக்கான மாற்றுச் சொற்களைத் தரச் சொல்லலாம், கடினமான கட்டுரையை எளிமையாக விளக்கச் சொல்லலாம். இதற்கெல்லாம் ஏஐ உண்மையிலேயே உதவும்.

ஆனால் மேற்கோள் நூல் கேட்டால் கவனம் தேவை. இல்லாத புத்தகத்தை, இருக்கும் ஆசிரியர் பெயரோடு, நம்பும்படியான ஆண்டோடு எழுதிக்கொடுக்கும் பழக்கம் இந்தச் செயலிகளுக்கு உண்டு. 2023-ல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டினார்கள். அப்படி வழக்குகளே நடக்கவில்லை என்று தெரிந்ததும் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. அனுபவமுள்ள வழக்கறிஞர்களே சிக்கினார்கள் என்றால், முதலாமாண்டு மாணவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

சரிபார்ப்பது கடினமும் இல்லை. புத்தகம் என்றால் 'ஓபேக்' எனப்படும் நூலகத்தின் இணையப் பட்டியலில் தேடலாம். ஆய்வுக் கட்டுரை என்றால் அதற்கு டிஓஐ என்ற நிரந்தர எண் இருக்கிறதா, அந்த எண் அதே கட்டுரைக்குத்தான் போகிறதா என்று பார்க்கலாம். ஒரு மேற்கோளுக்கு ஒரு நிமிடம். ஆனால் அப்படிச் சரிபார்க்க வேண்டும் என்பதையே ஒருவர் சொல்லித்தந்திருக்க வேண்டும்.

தெரியாமல் போனால் என்ன இழப்பு?

மதிப்பெண் மட்டும் இல்லை. யுஜிசியின் 2018 கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை என்றால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. வேண்டுமென்றே திருடுபவர்கள் உண்டு. எங்கே மேற்கோள் குறி போட வேண்டும், எப்படிச் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும் என்று தெரியாமல் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. மென்பொருளுக்கு இருவரும் ஒன்றுதான்.

இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. தரமான ஆய்விதழ் எது, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ் எது என்று தெரிந்துகொள்ள, 2018 முதல் யுஜிசியின் 'கேர்' பட்டியல் இருந்தது. 2025 பிப்ரவரியில் யுஜிசி அந்தப் பட்டியலைக் கைவிட்டு, இதழின் தரத்தை நிறுவனங்களும் ஆய்வாளர்களுமே மதிப்பிட்டுக்கொள்ளச் சில அளவுகோல்களை மட்டும் தந்தது. பட்டியலைப் பார்த்து டிக் அடித்த காலம் போய், சொந்தமாக எடைபோடும் காலம் வந்துவிட்டது. எடைபோடத் தெரியாதவர் பணத்தையும் கட்டுரையையும் சேர்த்தே இழப்பார்.

இதற்கான பயிற்சி யுஜிசியிடம் இல்லாமல் இல்லை. 2019 முதல் 'ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறைகள்' என்ற 2 கிரெடிட் பாடம் பி.எச்டி மாணவர்களுக்குக் கட்டாயம். தரவுத்தளங்களைப் பயன்படுத்துவதும் அதில் ஒரு பகுதி. ஆனால் அது வருவது பி.எச்டியில். அதுவரை ஐந்து ஆண்டுகள் அசைன்மென்ட், செமினார், புராஜெக்ட் என்று எழுதித் தள்ளியவருக்கு அப்போதுதான் முதல் பாடம். பி.எச்டி பக்கமே போகாத பெரும்பான்மையினருக்கு அதுவும் இல்லை.

எப்படிக் கற்றுக்கொடுத்தால் பலிக்கும்?

இப்போது பல இடங்களில் நடப்பது என்ன? கல்லூரி திறந்த முதல் வாரம். புது மாணவர்களை வரிசையாக நூலகத்துக்கு அழைத்துப்போவார்கள். 'இது ரெஃபரன்ஸ் பகுதி, இது பீரியாடிக்கல்ஸ், பையை வெளியே வைக்கணும், பேசக்கூடாது, லேட்டா கொடுத்தா ஃபைன்.' இருபது நிமிடத்தில் சுற்றிக்காட்டி முடிந்துவிடும். மாணவர் மனதில் தங்குவது ஃபைன் மட்டும்தான்.

காரணம் எளிது. அந்த வாரத்தில் அவருக்குத் தேட எதுவும் இல்லை. தேவை வராதபோது சொல்லித்தந்த வழி நினைவில் நிற்காது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் இதே அனுபவம் உண்டு. ஒரே ஒரு முறை நடத்திவிட்டு முடித்துக்கொள்ளும் இந்த வகுப்புக்கு 'ஒன் ஷாட்' என்றே நூலகத் துறையில் பெயர். அமெரிக்காவின் கல்லூரி, ஆராய்ச்சி நூலகங்கள் சங்கம் 2000-ல் மாணவர் எட்ட வேண்டிய திறன்களைத் தரநிலைகளாகப் பட்டியலிட்டது. பிறகு அதை மாற்றி 2016-ல் புதிய சட்டகத்தை ஏற்றது. எந்த பட்டனை அழுத்த வேண்டும் என்பதைவிட, ஒரு தகவலை யார், எதற்காக உருவாக்கினார்கள், அதை எந்த அளவு நம்பலாம் என்று கேட்கப் பழக்குவதே முக்கியம் என்பது அதன் அடிப்படை.

நம் ஊர் நடைமுறைக்கு அதை மாற்றினால் மூன்று விஷயங்கள் தேறும்.

ஒன்று, நேரம். அசைன்மென்ட் தலைப்பு கொடுக்கும் வாரத்தில்தான் நூலக வகுப்பு நடக்க வேண்டும். துறை ஆசிரியரும் நூலகரும் சேர்ந்து ஒரு பீரியட். மாணவர் தன் சொந்தத் தலைப்பை வைத்தே தேட வேண்டும்.

இரண்டு, மதிப்பெண். அகமதிப்பீட்டில் கட்டுரைக்கு மட்டும் மார்க் போடாமல், 'எங்கே தேடினாய், என்ன சொற்கள் போட்டாய், எதை ஏன் ஒதுக்கினாய்' என்று அரைப் பக்கத் தேடல் குறிப்புக்கும் சில மதிப்பெண்கள் ஒதுக்கலாம். ஏஐ எழுதித் தந்ததை அப்படியே கொடுப்பதைக் கட்டுப்படுத்தவும் இது உதவும். தேடாதவரால் தேடிய கதையை நம்பும்படி சொல்ல முடியாது.

மூன்று, ஆள். 'ஒரே நூலகர், ஆயிரக்கணக்கில் பிள்ளைங்க, எப்படிங்க முடியும்?' என்ற கேள்வி வரும். உண்மையான தடை இதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் திருச்சிக்கு ஒரு வசதி இருக்கிறது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் பிஷப் ஹீபர் கல்லூரியிலும் நூலக அறிவியலையே பட்டப்படிப்பாக நடத்தும் துறைகள் உள்ளன. அங்கே படிப்பவர்களுக்குக் களப்பயிற்சி தேவை, பக்கத்துக் கல்லூரிகளுக்குப் பயிற்றுநர்கள் தேவை. இரண்டையும் இணைக்கப் புதுக் கட்டிடமோ பெரிய நிதியோ வேண்டாம், கல்லூரிகளுக்கு இடையே ஒரு ஒப்பந்தம் போதும். ஒரு துறைக்கு நான்கு சீனியர் மாணவர்களைப் பழக்கிவிட்டால் அவர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லித்தருவார்கள். அக்கா, அண்ணன் சொன்னால் கேட்கும் கூச்சமும் குறையும்.

படிப்பு முடித்தவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. கல்லூரி ஐடி கார்டு காலாவதியானால் சந்தா ஆய்விதழ்களின் கதவு மூடிவிடும். தேடத் தெரிந்த திறமை காலாவதியாகாது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், ஸ்டார்ட்அப்புக்குச் சந்தைத் தகவல் திரட்டுபவர், அப்பாவின் மருந்துச் சீட்டைப் பற்றி நம்பகமாகத் தெரிந்துகொள்ள நினைப்பவர் என்று எல்லாருக்கும் தேவைப்படுவது அதே திறமை.

கார்டு இல்லாமலும் திறந்திருக்கும் கதவுகள் பல. ஷோத்கங்கா அனைவருக்கும் இலவசம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் படிக்கக் கிடைக்கின்றன. கட்டற்ற ஆய்விதழ்களின் உலகளாவிய பட்டியல் இணையத்தில் இருக்கிறது. திருச்சியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் புதுக்கோட்டை ஞானாலயா, தஞ்சை சரசுவதி மகால். நகரிலேயே மாவட்ட மைய நூலகம். காமராஜர் பெயரில் 290 கோடி ரூபாயில் திருச்சியில் பெரிய நூலகம் அமைக்கும் திட்டத்தையும் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. எத்தனை மாடி, எத்தனை லட்சம் புத்தகம் என்ற பேச்சோடு, அங்கே வருபவருக்குத் தேடக் கற்றுக்கொடுக்க எத்தனை பேர் இருப்பார்கள் என்ற கேள்வியையும் இப்போதே கேட்கலாம்.

இந்த வாரமே செய்யக்கூடியவை

- நூலகரிடம் மூன்றே கேள்விகள்: 'நம்ம காலேஜுக்கு ஒரே நாடு ஒரே சந்தா உண்டா? என்-லிஸ்ட் உண்டா? வீட்டிலிருந்து எப்படி லாகின் பண்றது?'
- ஓபேக் முகவரியை செல்போன் முகப்பில் சேமித்து வையுங்கள். கூகுளுக்குப் போகும் முன் ஒருமுறை அங்கே தேடுங்கள்.
- உங்கள் பாடத்தின் டியூயி எண்ணைத் தெரிந்துகொண்டு, அந்த அலமாரி முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். தேடாத புத்தகமும் கண்ணில் படும்.
- ஏஐ தந்த ஒவ்வொரு மேற்கோளையும் சரிபாருங்கள். கண்டுபிடிக்க முடியாததை நீக்கிவிடுங்கள்.
- தேடிய சொற்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த செமஸ்டரில் பாதி வேலை மிச்சம்.

இவ்வளவும் மாணவர் செய்யக்கூடியது. மற்ற பாதி கல்லூரியின் கையில் இருக்கிறது. அடுத்த அசைன்மென்ட் தலைப்பு பலகையில் எழுதப்படும் வாரத்தில் நூலகருக்கு ஒரு பீரியட் ஒதுக்கினால், ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வரும் அந்த மாணவி ஹரி ராவின் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்புண்டு. சந்தாவுக்கான மூன்றாண்டுக் கணக்கு 2027-ல் முடிகிறது. அதற்குள் தேடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் உருவாகிறார்கள் என்பதையும் யாராவது எண்ண வேண்டும்.